தான்சானியா கிராமப் பள்ளிக்குத் தன்னார்வலராகப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

போய் இறங்கியதும் நேராக வகுப்புக்குள் நுழைந்துவிடுவதுதான் பலரும் செய்கிற முதல் தவறு. முதலில் தலைமையாசிரியர் அறைக்குப் போங்கள். வருகைப் பதிவேட்டை நீட்டுவார். பெயர், நாடு, வந்த காரியம் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு பயணம் எப்படி, வீட்டில் எல்லாரும் சுகமா என்று நிதானமாக விசாரிப்பார். அது முடிவதற்குள் "சரி, எந்த வகுப்பு?" என்று பறந்தால் மரியாதை தெரியாத ஆள் என்று முடிவாகிவிடும். வயதில் மூத்தவருக்கு 'ஷிகாமூ' என்று வணக்கம் சொல்ல வேண்டும். பிள்ளைகள் எழுந்து நின்று உங்களுக்கே 'ஷிகாமூ' சொன்னால், பதில் 'மராஹபா'.

நேரத்திலும் ஏமாறுவார்கள். அந்நாட்டு மொழியான சுவாஹிலியின் கணக்கில் காலை 7 மணிதான் மணி ஒன்று. "நாளை இரண்டு மணிக்கு வாருங்கள்" என்று யாராவது சுவாஹிலியில் சொன்னால் அது காலை 8 மணி. மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போனால் பள்ளி கலையும் நேரமாக இருக்கும்.

பெரிய வம்பு பரிசுப் பொருளில்தான். உங்கள் பையில் 40 பேனா இருக்கும். ஒரே வகுப்பில் நூறு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது அங்கே அதிசயமில்லை. மைதானத்தில் நின்று கொடுக்க ஆரம்பித்தால் பெரிய பையன்கள் முண்டியடித்து வாங்கிவிடுவார்கள், ஒன்றாம் வகுப்புக் குழந்தை அழுதுகொண்டு நிற்கும். அந்தத் தள்ளுமுள்ளை விலக்கி வைக்கிற வேலை ஆசிரியர் தலையில் விழும். மிட்டாய்க்கும் இதே கதைதான். கொண்டுபோனதைத் தலைமையாசிரியரிடம், மற்ற ஆசிரியர்களும் இருக்கும்போது கொடுங்கள்; யாருக்கு எது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதைவிட, என்ன தேவை என்று முன்கூட்டியே கேட்டு, சாக்பீஸ், நோட்டுப் புத்தகம் போன்றவற்றைப் பக்கத்து ஊர்க் கடையிலேயே வாங்கலாம். சுமையும் மிச்சம், அந்தக் கடைக்காரருக்கும் நாலு காசு.

பழைய ஆங்கிலக் கதைப் புத்தகங்களைப் பெட்டி பெட்டியாக இழுத்துப் போகாதீர்கள். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் எல்லாம் சுவாஹிலி வழிதான், ஆங்கிலம் ஒரு பாடம் மட்டுமே. அதனால் ஆசிரியரை ஓரமாக உட்கார வைத்துவிட்டு நீங்களே கணக்கு நடத்துவதும் எடுபடாது; பிள்ளைகள் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். ஆசிரியர் நடத்தட்டும். நீங்கள் நோட்டுத் திருத்தலாம், ஆங்கில வகுப்பில் பேச்சுப் பயிற்சி கொடுக்கலாம்.

படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள், குழந்தைகளின் முகத்தை இணையத்தில் போடாதீர்கள். தோளும் முழங்காலும் மறைகிற உடை போதும்.

கிளம்பும் முன் பள்ளி நாட்காட்டியையும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஜூனிலும் டிசம்பரிலும் விடுமுறை வரும், வெளிநாட்டவர் கூட்டமாக வருவதும் அப்போதுதான்! "சம்பளமா வாங்குகிறேன்?" என்று சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகவும் கூடாது; சம்பளமில்லாப் பணிக்கும் தனி அனுமதி வேண்டும். அப்புறம், சாமான்களை பிளாஸ்டிக் கேரி பேக்கில் கட்டாதீர்கள். 2019 ஜூன் 1 முதல் அங்கே அதற்குத் தடை, விமான நிலையத்திலேயே கொடுத்துவிட்டு வரச் சொல்வார்கள்.