பிள்ளையைப் பிறர் வீட்டில் தங்கவைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாய் மத்திய கிழக்கிற்கு வேலைக்குப் போகிறார், தகப்பன் கொழும்பில் கடையொன்றில் நிற்கிறார், பாட்டிக்கும் இயலாமற் போய்விடுகிறது. இப்படியான நிலையில் உறவல்லாத ஒருவர் வீட்டில் பிள்ளையை விடுவதைத் தவிர வேறு வழி தெரியாத குடும்பங்கள் மலையகத் தோட்டங்களில் உள்ளன. அதற்காகப் பெற்றோரைக் குறைகூறுவது நியாயமன்று. ஆனால், எல்லாவற்றையும் வாய்ப்பேச்சோடு முடித்துக்கொண்டு, பிள்ளை எங்கே இருக்கிறது என்பதை எந்த உத்தியோகத்தருக்கும் தெரியப்படுத்தாமல் அனுப்பிவிடுவதுதான் மிகப் பெரிய தவறு.

சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு கடிதத்தில் கையொப்பமிட்டுவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அக்கடிதத்தால் பிள்ளை மீதான பெற்றோரின் உரிமை மற்றவருக்கு மாறிவிடாது. தத்தெடுப்பு என்பது நீதிமன்றக் கட்டளையால் மட்டுமே நிகழும். 1941ஆம் ஆண்டின் மகவேற்பு, அதாவது தத்தெடுப்பு, பற்றிய கட்டளைச் சட்டம், பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ அல்லாத ஒருவர் பிள்ளையைத் தம் பொறுப்பில் வைத்திருப்பதானால், அவரைக் கட்டுக்காப்பாளராகப் பதிவுசெய்வதற்கும் ஏற்பாடு செய்கிறது. ஆகவே பிள்ளைக்கு வீடு பார்த்துத் தரும் தரகரிடம் போவதற்கு முன், பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரையோ நன்னடத்தை உத்தியோகத்தரையோ சந்தித்து, முழு விபரத்தையும் சொல்லி ஆலோசனை கேட்க வேண்டும். பிள்ளை போய்ச் சேரும் பிரிவின் கிராம உத்தியோகத்தருக்கும் செய்தி தெரிந்திருப்பது நல்லது.

“நாங்கள் படிக்க வைக்கிறோம், வீட்டில் சின்னச் சின்ன உதவி செய்தால் போதும்” என்ற வாக்குறுதியை அப்படியே ஏற்பது அடுத்த தவறு. எந்தப் பாடசாலை, எந்த வகுப்பு, எந்தத் திகதியிலிருந்து என்று கேட்டால் தெளிவான விடை வர வேண்டும். பழைய பாடசாலையின் விலகல் பத்திரத்தை வாங்காமல் பிள்ளையை அழைத்துச் செல்ல அவசரப்படுபவர்களுக்குப் படிப்பில் அக்கறை இருக்குமா என்று யோசிக்க வேண்டும். இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயமானது. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்தபட்ச வயதும் 2021இல் 16ஆக உயர்த்தப்பட்டது. பிள்ளையைக் கொடுப்பதற்காக முற்பணம் கைமாறுமானால், அந்த வீட்டுக்குத் தேவைப்படுவது வேலையாள்தான். எவ்வளவு கடன் நெருக்கினாலும் அந்தப் பணத்தை வாங்கக் கூடாது.

பிள்ளையுடன் பேசும் முறையிலும் தவறு நேர்கிறது. வீட்டுக்காரர் தம் தொலைபேசியைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, ஒலிபெருக்கியைப் போட்டுப் பக்கத்திலேயே நிற்பார். பிள்ளை “நல்லா இருக்கேம்மா” என்று சொல்லி முடித்துவிடும். தாய்க்கும் மனம் ஆறிவிடும். அந்தப் பதிலை நான் ஒருபோதும் போதுமானதாகக் கொள்ள மாட்டேன். மாதம் ஒருமுறையாவது, முன்னறிவித்தல் இல்லாமல், பெற்றோரோ நம்பிக்கையான உறவினரோ நேரில் சென்று பிள்ளையைத் தனியே வெளியில் அழைத்துப் போய்ப் பேச வேண்டும். அதற்கு மறுப்புச் சொல்லும் வீட்டில் பிள்ளையை ஒரு நாளும் விட வேண்டாம்.

உடல்நலம் பற்றியும் முன்கூட்டியே பேச வேண்டும். இழுப்பு, வலிப்பு, தொடர்ந்து எடுக்கும் மருந்து ஆகியவற்றைச் சொல்லி, கிளினிக் அட்டையின் பிரதியையும் கொடுக்க வேண்டும். புது இடத்தில் பிள்ளை படுக்கையில் சிறுநீர் கழிப்பது பயத்தாலும் ஏக்கத்தாலும் நேரக்கூடியது. அதற்காக அடிக்கவோ அவமானப்படுத்தவோ கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லப் பெற்றோர் தயங்க வேண்டியதில்லை. பருவமடையும் வயதில் உள்ள பெண்பிள்ளையாயின், அவள் எங்கே, யாருடன் உறங்குவாள் என்பதைக் கண்ணால் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதியைக் கையைவிட்டுக் கொடுக்க வேண்டாம், பிரதி போதும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலவச இலக்கத்தைப் பிள்ளைக்கு மனப்பாடமாக்கி, தோட்டத்திலுள்ள ஒருவரின் தொலைபேசி இலக்கத்தையும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள். திரும்பி வர விரும்பினால் எந்த நாளிலும் வரலாம், யாரும் ஏச மாட்டார்கள் என்பதை அனுப்பும் முன் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.