மலைப் பெண்களுக்கு ஓர் இணைய வானொலி: நீலகிரியில் தொடங்கும் வழி

மைக் வாங்கும் முன் நேர அட்டவணையைப் போட்டுவிடுங்கள். கொழுந்து பறிக்கப் போகிறவர் விடியற்காலையில் அடுப்படியில் இருப்பார். அதற்குப் பிறகு அவர் காது ஓய்வது பொழுது சாய்ந்து வீடு திரும்பிய பின்தான். காலை 5.30 முதல் 7 வரை, மாலை 6.30 முதல் 8.30 வரை: இந்த இரண்டு வேளையும் நன்றாக அமைந்தால் வானொலி நிற்கும். மற்ற நேரத்துக்கு மறுஒலிபரப்பு போதும். குன்னூர், கோத்தகிரிக் கடைகளில் வேலை பார்ப்பவர்கள் அதைக் கேட்டுக்கொள்வார்கள்.

இந்த வேளைக் கணக்கை அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் எப்போதோ போட்டுவிட்டார்கள். மெம்பிஸ் நகரின் டபிள்யூ.டி.ஐ.ஏ. நிலையம் 1948-ல் கறுப்பின நேயர்கள் பக்கம் திரும்பியது. அடுத்த ஆண்டே அங்கு வில்லா மன்றோ இல்லத்தரசிகளுக்கென்று ஒரு நிகழ்ச்சி நடத்தினார்: சமையல், ஊர்ச் சேதி, நடுநடுவே பாட்டு. 1970-களில் வாஷிங்டனில் ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் வானொலியை நிர்வகித்த கேத்தி ஹியூஸ், மெல்லிய காதல் பாடல்களை இரவு வேளைக்கென்றே ஒதுக்கினார். 1980-ல் கணவரோடு சேர்ந்து ஒரு நிலையத்தையே வாங்கினார். நேயர் எந்த நேரத்தில் என்ன மனநிலையில் இருக்கிறார் என்பதுதான் இரண்டிலும் அடிப்படை.

இனி தொழில்நுட்பம். பண்பலையில் ஒலிபரப்ப மத்திய அரசின் உரிமம் வேண்டும், கோபுரம் வேண்டும். இணையத்தில் ஒரு சர்வர் போதும். அதை வீட்டில் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் மரம் சாய்ந்து மின்சாரம் போனால் வானொலியும் போய்விடும். சென்னை அல்லது மும்பையில் உள்ள வாடகை சர்வரில் அசுராகாஸ்ட் என்ற இலவச வானொலி மென்பொருளை நிறுவுங்கள். 4 ஜிபி நினைவகம் இருந்தால் நிம்மதி. பதிவு செய்த நிகழ்ச்சிகளை அதில் ஏற்றி நேரம் குறித்துவிட்டால், ஆட்டோ டிஜே தானாக ஒலிபரப்பும். நேரலை தினம் ஒரு மணி நேரம் இருந்தால் போதும். மலையில் இணைப்பு அறுந்தாலும் ஆட்டோ டிஜே உடனே பாட்டுக்கு மாறும், நேயருக்கு மௌனம் கேட்காது. இந்த ஒரு ஏற்பாட்டைச் செய்யாமல் மடிக்கணினியிலிருந்தே 24 மணி நேரமும் ஓட்டப் பார்ப்பவர்கள்தான் முதல் மழையோடு மூட்டை கட்டுகிறார்கள்.

ஒலித் தரம் எவ்வளவு? அதை கேபிபிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை கிலோபிட் தரவு போகிறது என்று அளப்பார்கள். 128 கேபிபிஎஸ் வைத்தால் நேயருக்கு மணிக்கு 58 எம்பி செலவாகும். 64 வைத்தால் 29 எம்பி, 32 வைத்தால் 14 எம்பி சொச்சம். பேச்சு அதிகமுள்ள வானொலிக்கு 64 கேபிபிஎஸ்-ல் எம்பி3 வடிவில் மோனோ (ஒற்றைத் தட ஒலி) தாராளம். அதோடு 32-ல், குறைந்த தரவிலும் தெளிவாக ஒலிக்கும் ஏஏசி பிளஸ் வடிவில் இன்னொரு ஓடையும் (ஸ்ட்ரீம்) கொடுங்கள். பந்தலூர்ப் பக்கம் பள்ளத்தில் இருக்கும் லைன் வீடுகளில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) சிக்னல் ஒரு கோடுதான், அங்கே அதுதான் கைகொடுக்கும். சர்வர் பக்கக் கணக்கு: 64 கேபிபிஎஸ்-ல் 100 பேர் ஒரே நேரத்தில் கேட்டால் 6.4 எம்பிபிஎஸ். முகவரி பாதுகாப்பான எச்டிடிபிஎஸ்-ல் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பாதுகாப்பு இல்லாமல் வெறும் 8000 என்ற போர்ட்டில் (சர்வரின் வாசல் எண்) விட்டால் பல பிரவுசர்கள் தடுத்துவிடும். நேயரோ உங்கள் வானொலி ஓடவில்லை என்று போய்விடுவார்.

நேரலை அனுப்ப 'பட்' (BUTT) என்ற சின்ன இலவச மென்பொருள் போதும். ஃபைபர் இணைப்பை முதன்மையாகவும், வேறொரு நிறுவனத்தின் சிம்மை மாற்றாகவும் வையுங்கள். ரவுட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ற மினி யுபிஎஸ் வாங்குங்கள். பெரும்பாலும் 12 வோல்ட்தான். மடிக்கணினிக்குச் சொந்த பேட்டரி இருப்பதால் கரண்ட் போனாலும் ஒரு மணி நேர நிகழ்ச்சி முடிந்துவிடும்.

மைக் டைனமிக் வகையாக இருக்கட்டும். கண்டென்சர் மைக் அறையின் எதிரொலியையும் தகரக் கூரையில் விழும் மழையையும் சேர்த்துப் பிடிக்கும். ஊட்டிக் குளிரின் ஈரத்தில் சீக்கிரம் இரையவும் தொடங்கும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி, சற்றே பக்கவாட்டில். பதிவு அளவு உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டக் கூடாது. சுவருக்கு விலை உயர்ந்த நுரைத் தகடு தேவையில்லை, மலை வீட்டில் கம்பளிக்கா பஞ்சம்? பேசுபவரின் முதுகுப் பக்கமும் இரண்டு பக்கமும் தொங்கவிடுங்கள். வேலை முடிந்ததும் மைக்கை ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல்லோடு இறுக்க மூடும் டப்பாவில் வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி ஈரம் போக்கி மறுபடி பயன்படுத்தலாம்.

நேயர் குரல்தான் இந்த வானொலிக்கு உயிர். ஆனால் நேரலைத் தொலைபேசியை முதல் மாதம் தொடவே வேண்டாம். ஓடை அரை நிமிடம் வரை தாமதமாகப் போய்ச் சேரும். அழைப்பவர் தன் வானொலியை நிறுத்தாவிட்டால் தன் குரலையே கேட்டுத் தடுமாறுவார். வாட்ஸ்அப் குரல் பதிவே மேல். ஒரு நிமிடத்துக்குள் பேசச் சொல்லுங்கள். காட்டில் காற்றடித்தால் முந்தானையால் போனைச் சுற்றிக்கொண்டு பேசினாலே பாதி இரைச்சல் அடங்கும். படுகர் ஹட்டிப் (ஊர்ப்) பெண்கள் படுக மொழியிலேயே பேசட்டும். தமிழாக்கத்தை அறிவிப்பாளர் பின்னால் சொல்லிக்கொள்ளலாம்.

பாட்டு விஷயத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சினிமாப் பாட்டில் வரி, மெட்டு இவற்றின் உரிமை ஒன்று, ஒலிப்பதிவின் உரிமை இன்னொன்று. முதலாவதற்கு ஐ.பி.ஆர்.எஸ். என்ற பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமைச் சங்கத்திடமும், இரண்டாவதற்கு இசை நிறுவனத்திடமும் அனுமதி வாங்க வேண்டும். உரிமையாளரின் சம்மதம் இல்லாமலே கட்டணம் கட்டிவிட்டு ஒலிபரப்ப வழிவிடும் பதிப்புரிமைச் சட்டப் பிரிவு 31டி இணையத்துக்குப் பொருந்தாது என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 2019-ல் சொல்லிவிட்டது. பழைய பாட்டுதானே என்றும் இருக்க முடியாது: பாடலாசிரியர் இறந்து 60 ஆண்டு வரை வரிகளுக்கு உரிமை உண்டு. தாலாட்டு, நலங்கு, கும்மி என்று ஊர்ப் பெண்கள் பாடுவதை எழுத்தில் சம்மதம் வாங்கிப் பதியுங்கள். செலவு குறைவு, வேறெங்கும் கிடைக்காத சரக்கும்கூட.

அழகு, உடல்நலப் பகுதியில் மலைக்கு ஏற்ற செய்தி வேண்டும். உறைந்த தேங்காயெண்ணெயை அடுப்பில் வைக்காமல் வெந்நீரில் இறக்கி வைப்பது, பித்தவெடிப்பு, அட்டைக்கடி. அட்டைக்கு உப்பும் நெருப்பும் வேண்டாம். நகத்தால் வாய்ப்பக்கம் நெம்பி எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். மருத்துவக் குறிப்பு எதுவானாலும் ஒரு செவிலியர் படித்துப் பார்த்த பிறகே ஒலிபரப்புங்கள்.

விளம்பரம் தேடிப் போனால் சிவப்பழகு கிரீம்காரர்கள் முதலில் வருவார்கள். அமெரிக்கக் கறுப்பினப் பத்திரிகைகளும் பல காலம் வெளுப்புக் கிரீம், முடியை நேராக்கும் மருந்து விளம்பரங்களைப் பெரிதும் நம்பியிருந்தன. இயற்கைச் சுருள் முடிக்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று கலிபோர்னியா சட்டம் போட்டதே 2019-ல்தான். சிவப்பழகு கிரீம்காரர் காசை வாங்கிவிட்டு, அதே கிரீமில் பாதரசம் இருந்தால் சிறுநீரகம் கெடும் என்று உங்களால் சொல்ல முடியாது. தையல் கடை, மளிகை, டியூஷன், சுயஉதவிக் குழுப் பொருள்கள்: வாரக் கட்டணம் சின்னதாக வைத்தால் இவர்கள் தொடர்ந்து வருவார்கள்.

வாரம் ஒருமுறை சர்வரின் நேயர் கணக்கைத் திறந்து பாருங்கள். பலர் ஒரு நிமிடத்துக்குள் விலகினால் ஓடை திக்குகிறது; 32 கேபிபிஎஸ் ஓடையை முன்பக்கம் வையுங்கள். பத்தாவது நிமிடத்தில் விலகினால் பேச்சு நீண்டுவிட்டது, நடுவில் ஒரு கும்மிப் பாட்டைப் போடுங்கள்.