தண்டையார்பேட்டையிலிருந்து பொன்னேரிக்குக் குடிபெயர்ந்த பின்: அன்றாட எரிச்சலைத் தணித்துக்கொள்ளும் வழிகள்

வாடகை கட்டுப்படியாகாமல் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பகுதிகளை விட்டு மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் குடிபெயரும் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வேலை பாரிமுனையிலேயே இருக்கிறது. வீடு மட்டும் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் வடக்கே போய்விட்டது. முதல் ஆறு மாதங்களில் எனக்கு வந்த கோபங்களை எண்ணிப் பார்த்தால், யாரோ தீங்கு செய்ததால் வந்தவை மிகக் குறைவு. வடசென்னையில் பழகிய வேகத்தை இந்த ஊரிடமும் எதிர்பார்த்ததால் வந்தவையே அதிகம். ஆகவே, புதிதாக வருகிறவர்கள் முதலில் ஊரின் நேரத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

மூர்மார்க்கெட் வளாகத்துக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையே ஓடும் புறநகர் மின்ரயில்களின் நேரங்களை ஒரு தாளில் எழுதிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். ஒரு வண்டியைத் தவறவிட்டாலும் அடுத்தது எப்போது என்று தெரிந்திருந்தால் பாதிப் பதற்றம் அடங்கிவிடும். விஜயவாடா மார்க்கத்தில் செல்லும் விரைவு வண்டிகளும் சரக்கு வண்டிகளும் இதே தடத்தில் ஓடுவதால், நம் வண்டி வழியில் நிற்க நேர்வதுண்டு. அதற்கென்று அரைமணி நேரத்தை முன்கூட்டியே ஒதுக்கிவிட்டுக் கிளம்புங்கள். மதியத்தில் பல கடைகள் அடைத்திருக்கும் என்பதால் வேண்டியதைக் காலையிலேயே வாங்கிவிடலாம். மின்சாரம் நின்றால், தெருவில் நின்று புலம்புவதைவிட மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பது நல்லது.

இவற்றைவிடக் கடினமானது பேச்சு. கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே பேசிப் பேசி நம் குரல் உயர்ந்தே பழகியது. "இன்னா நைனா" என்பது நமக்கு உரிமையோடு கூடிய அன்பு. ஆனால் வந்த புதிதில் மளிகைக் கடைப் பெரியவரிடம், "இன்னா பெரியவரே, எவ்ளோ நேரம் நிக்கறது?" என்று நான் கேட்டதற்கு, அவர் இரண்டு வாரம் என்னிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. பிறகு நானே போய், "ஐயா, எங்க பக்கம் பேச்சே இப்படித்தான், மனசுல வெச்சுக்காதீங்க" என்று சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். அதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போதும் வருந்துகிறேன். அதேபோல், சொந்த வீடா வாடகையா, பிள்ளைகள் எத்தனை என்று அக்கம்பக்கத்தார் கேட்பதைத் துருவல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புதியவரை அவர்கள் அறிந்துகொள்வது அப்படித்தான். இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லி, நீங்களும் ஒன்று கேளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கோபம் தலைக்கேறும் நேரங்கள் உண்டு. அப்போது நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல வெளியே விடுங்கள். இதைப் பத்து முறை செய்யுங்கள். மூச்சு வெளியேறும்போது இதயத்துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறைவதால், அதை நீட்டுவது உடலை அமைதிப்படுத்த உதவுகிறது. இரவு பசியோடு வீடு திரும்பியதும் வாடகை, கேஸ், பள்ளிக் கட்டணம் பற்றிய பேச்சை எடுப்பதில்லை, சாப்பிட்ட பிறகே பேசுவது என்று நானும் என் மனைவியும் முடிவு செய்தோம். எங்கள் வீட்டுச் சண்டைகளைக் குறைத்ததில் இதற்குத்தான் முதலிடம்.

சில நாட்களில் காரணமே இல்லாமல் எல்லார் மீதும் எரிச்சல் வரும். எனக்கு அது பெரும்பாலும் பழைய தெருவின் ஏக்கமாகவே இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லாத ஊரில் சிறு தடங்கலும் அவமதிப்பாகத் தோன்றுகிறது. அதை அடக்கிவைக்காமல், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய், தெரிந்தவர்களோடு நின்று பேசிவிட்டு, மீன் வாங்கி வாருங்கள். பக்கத்து வீட்டார் மீன் சாப்பிடுவார்களா என்று முதல் நாளே கேட்டுக்கொண்டு, அவர்களுக்கும் சேர்த்தே வாங்குங்கள்.