வெளுத்துப்போன ரப்பர் தரை: என் அனுபவம்

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு வணிக வளாகம். குமிழ் வைத்த கறுப்பு ரப்பர் தரை சாம்பல் பூத்துக் கிடந்தது. போர் தண்ணீரின் உப்பும், அளவில்லாமல் ஊற்றிய சோப்பு ஆயிலும் படிந்ததுதான் காரணம்.

மணலை முதலில் வாக்குவமில் எடுத்தேன். காரம் குறைந்த ஸ்ட்ரிப்பரை (படிந்த படலத்தைக் கரைத்தெடுக்கும் திரவம்) காவிரித் தண்ணீரில் கலந்து 10 நிமிடம் ஊறவிட்டேன். காய்ந்தால் திட்டாகப் பிடித்துக்கொள்ளும். குமிழ்களுக்கு நடுவே தரை தேய்க்கும் மெஷினின் பேட் இறங்காது, நைலான் பிரஷ்தான் வேண்டும். கறுப்பு பேட் பக்கமே போகாதீர்கள், மேல்தோலைச் சுரண்டிவிடும். அழுக்குத் தண்ணீரை மாப்பால் இழுக்காமல் வெட் வாக்குவமில் உறிஞ்சி, நுரை நிற்கும்வரை அலசினேன். மிஞ்சிய உப்புத் திட்டுக்கு மட்டும் சிட்ரிக் ஆசிட், லிட்டருக்கு 20 கிராம், உடனே கழுவல்.

இப்போது தினமும் நியூட்ரல் கிளீனர் (அமிலமும் காரமும் இல்லாதது), 10 லிட்டருக்கு 100 மில்லி. மண்ணெண்ணெய் மட்டும் கூடாது: ரப்பர் வீங்கும், அடியில் பசை விடும்.