அடிமை முறையால் பணக்காரர் ஆனது யார்? கணக்கு சறுக்கும் இடங்கள்

"அடிமைகளின் உழைப்பில்தான் மேற்கு நாடுகள் செழித்தன" என்று ஒருவர் ஆரம்பித்தால், "அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை" என்று இன்னொருவர் பாய்வார். இரண்டுமே அவசர முடிவுகள்.

தலை எண்ணிக்கையை வைத்துச் செல்வத்தை அளப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அடிமைகளாக அட்லாண்டிக்கைக் கடந்து உயிரோடு கரையிறங்கிய ஆப்பிரிக்கர்கள் ஏறத்தாழ 1.07 கோடிப் பேர். இன்றைய அமெரிக்காவுக்கு நேரடியாகக் கொண்டுவரப்பட்டவர்கள் சுமார் 4 லட்சம். பிரேசிலுக்கோ 48 லட்சம். அங்கே 1888 வரை அடிமை முறை நீடித்தது. எண்ணிக்கைதான் காரணம் என்றால் இன்று பிரேசில் அல்லவா முன்னால் நிற்க வேண்டும்?

அடுத்தது இரட்டைக் கணக்கு. உள்நாட்டுப் போருக்கு முந்தைய அமெரிக்கப் பொருளாதாரத்தில் ஏறக்குறைய பாதி, அடிமைகள் விளைவித்த பருத்தியைச் சார்ந்தது என்று ஒரு கணக்கு உலவியது. பஞ்சு விற்ற தொகையை எழுதிவிட்டு, அதை விளைவிக்க வாங்கிய நிலத்தையும் கருவிகளையும் மறுபடி மேலே கூட்டியதால் வந்த வீக்கம் அது. விற்ற விலைக்குள்ளேயே செலவும் அடக்கம்தானே! ஒழுங்காகப் போட்டால் 5 சதவீதத்தை ஒட்டித்தான் வரும். உடனே "இவ்வளவுதானா" என்று கைகழுவவும் முடியாது. அன்றைய அமெரிக்க ஏற்றுமதியில் பாதிக்கு மேல் பஞ்சு. இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகள் ஓடியதே பெரும்பாலும் அதை நம்பித்தான்.

கண்டுபிடிப்பு விஷயம் இன்னும் சிக்கல். மிசிசிப்பியில் நெட் என்ற அடிமை, பருத்தி வரிசையின் இரு பக்கத்தையும் ஒரே ஓட்டத்தில் சுரண்டும் கருவியை உருவாக்கினார். 1857இல் அவருடைய எஜமானர் காப்புரிமை கேட்டார். எஜமானர் அதைக் கண்டுபிடிக்கவில்லை; கண்டுபிடித்தவரோ குடிமகன் இல்லை. அடிமையின் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கிடையாது என்று 1858இல் அரசின் தலைமை வழக்கறிஞர் முடித்துவைத்தார். எஜமானர் கருவியை விற்கத்தான் செய்தார். அடிமை முறை புதுமையை வளர்த்தது என்பவர்கள் இந்தக் காப்புரிமைக் கதையை ஒருமுறை புரட்டலாம்.

எனக்குப் பெரிதாகப் படும் தவறு, "நாடு பணக்காரன் ஆனது" என்று மொத்தமாகச் சொல்வது. நாட்டில் யார்? 1833இல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்ட பிரிட்டன், 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. பணம் போனது எஜமானர்களுக்கு. விடுதலையானவர்களுக்கு ஒரு காசும் இல்லை. அதற்காக வாங்கிய கடன் முழுதாகத் தீர்ந்தது 2015இல். அந்தக் கடனைக் கட்டிய வரிப்பணத்தில், கரீபியனிலிருந்து பிரிட்டனுக்குக் குடியேறிய அடிமை வம்சாவளியினரின் பங்கும் இருந்தது.