கட்டின்னு சொன்னா முதல்ல ஒரு பைல் வாங்குங்க

பழைய ஜெயில் ரோட்டுல 16 வருஷமா ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வர்ற ஜனங்கதான் என் வியாபாரமே. எத்தனை பயாப்சி ரிப்போர்ட் என் மெஷின் கண்ணாடியில குப்புறப் படுத்து எழுந்திருக்குன்னு கணக்கே கிடையாது. ஆனா மூணு வருஷம் முன்னாடி எங்கம்மாவுக்கு மார்ல கட்டின்னு சொன்னப்ப, அதே மாதிரி பேப்பரைக் கையில வெச்சிக்கிட்டு ஒரு எழுத்தும் புரியாம நின்னேன். அதுக்கப்புறம் கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதுறேன். வைத்தியம் டாக்டர் சொல்றது. பேப்பரை எப்படிப் பிடிக்கிறதுன்றது மட்டும் என் சரக்கு.

அம்மா காசிமேட்டுல மீன் எடுத்து விக்கிறது. இடது மார்ல புளியங்கொட்டை அளவுக்கு இருந்ததை எட்டு மாசமா யார்கிட்டயும் மூச்சு விடல. கேட்டா, "வலிக்கவே இல்லியேடா, அப்புறம் இன்னாத்துக்கு சொல்லணும்?"னுச்சு. ஏமாத்துறதே அதான். புத்துக்கட்டி ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்காது. வளர்ந்துக்கிட்டே போற கட்டி, குழி விழுந்த மார்த் தோல், காம்புல ரத்தக் கசிவு, தீட்டு நின்னு வருஷமான பிறகு திரும்ப ரத்தம், மூணு வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், இதுல எது இருந்தாலும் அன்னைக்கே ஓ.பி. சீட்டு போட்டுடுங்க. மாவா, ஹான்ஸ்னு புகையிலை அடக்குறவங்க இதோட நிறுத்திட்டு ஒரு தடவை கண்ணாடியில வாயைப் பார்த்துட்டு வந்து மீதியைப் படிங்க.

கட்டின்னாலே கேன்சர் கிடையாது. கொழுப்புக்கட்டி, நீர்க்கட்டியெல்லாம் தன் வீட்டுக்குள்ளயே இருந்து பெருசாகும். பினைன்னு எழுதியிருந்தா இந்த வகை. மாலிக்னன்ட்னா, அதாவது கேன்சர்னா, பக்கத்து வீட்டுச் சுவத்தை இடிச்சிக்கிட்டுப் போகும், ரத்தத்துலயும் நிணநீர்லயும் ஏறி வேற தெருவுல போய்க் குடியேறும். தொட்டுப் பார்த்தோ ஸ்கேன் எடுத்தோ சந்தேகப்படலாம், அடிச்சுச் சொல்ல முடியாது. கொஞ்சம் சதையை எடுத்து மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பார்க்கணும். அதான் பயாப்சி. ஊசி குத்தினா பரவிடும்னு எங்க தெருவுல ஆளுக்கு ஆள் பயமுறுத்துனாங்க. மார்க்கட்டியில ஊசி குத்துறதால நோய் பரவிடாது. குத்தாம உட்கார்ந்திருக்கிற மாசங்கள்லதான் அது பரவுது.

எங்க சித்தப்பா கதை வேற. முதுகுல இருந்த கட்டியை ஒரு சின்ன நர்சிங் ஹோம்ல, "சாதாரணக் கட்டிதான்"னு அரை மணி நேரத்துல வெட்டி எடுத்தாங்க. எடுத்த சதையை டெஸ்ட்டுக்கு அனுப்பல, குப்பையில போயிடுச்சு. ஆறு மாசத்துல அதே இடத்துல திரும்ப வந்துச்சு. பெரிய ஆஸ்பத்திரியில முதல் கேள்வி, "பழைய ரிப்போர்ட் எங்கே?" கையில இருந்தது தையல் பிரிச்ச சீட்டு மட்டும். உடம்புல இருந்து எந்தக் கட்டியை எடுத்தாலும், "இது பயாப்சிக்குப் போகுதா டாக்டர்?"னு வாய் விட்டுக் கேளுங்க. இதுல வெக்கப்பட்டா நஷ்டம் நமக்கு.

அம்மாவுக்கு மரத்துப்போற ஊசி போட்டு, கொஞ்சம் தடிமனான ஊசியால எடுத்தாங்க. டப்பாவை லேபுக்குக் கொண்டு போனது நான்தான். சதை கெடாம இருக்க ஊத்துற, தண்ணி மாதிரி இருந்த பார்மலின்ல வெள்ளையா நாலு துண்டு, உடைஞ்ச சேமியா மாதிரி மிதந்துச்சு. எங்கம்மாவோட மீதி வாழ்க்கை அந்த நாலு துண்டுல இருக்குன்னு நினைச்சப்ப கை நடுங்குச்சு. ஆனாலும் தொழில் புத்தி விடல, லேபிளைப் படிச்சேன். பேரு, வயசு, ஓ.பி. நம்பர், இடதா வலதா, எல்லாம் சீட்டோட ஒத்துப் போகுதான்னு. நீங்களும் படிங்க.

ரிப்போர்ட் வந்ததும் கடைசிப் பக்கத்துக்கு ஓடாதீங்க. முதல்ல உங்க பேரான்னு பாருங்க. அப்புறம் கார்சினோமாங்கிற வார்த்தை இருக்கான்னு பாருங்க, இருந்தா கேன்சர். அதுக்கு முன்னாடி இன்வேசிவ்னு இருந்தா சுவரைத் தாண்டிடுச்சுன்னு அர்த்தம். அடுத்தது கிரேடு. போன மாசம் ஒரு அம்மா என் கடை ஸ்டூல்ல உட்கார்ந்து, "மூணாவது ஸ்டேஜாமே தம்பி"ன்னு அழுதுச்சு. வாங்கிப் பார்த்தா, போட்டிருந்தது கிரேடு 3. கிரேடுன்றது செல்லு எவ்ளோ முரடா மாறியிருக்குன்றது. ஸ்டேஜுன்றது நோய் எவ்ளோ தூரம் போயிருக்குன்றது. கட்டியோட அளவு, நெறி (நிணநீர் முடிச்சு) கட்டியிருக்கா, வேற உறுப்புக்குப் போயிருக்கா, இந்த மூணையும் ஸ்கேன்லயும் பரிசோதனையிலயும் பார்த்துதான் ஸ்டேஜ் போடுவாங்க. டி, என், எம்னு நம்பரோட எழுதியிருப்பாங்களே, அது. அந்த அம்மாவுக்கு ஸ்கேனே இன்னும் எடுக்கல.

மார்புப் புற்றுன்னா இன்னொரு பேப்பரும் வரும். எடுத்த அதே சதையில ஈ.ஆர்., பி.ஆர்.னு ரெண்டு ஹார்மோன் ஏற்பி, ஹெர் 2ன்னு ஒரு புரதம் இருக்கான்னு பார்த்த பேப்பர். முதல் ரெண்டும் பாசிட்டிவ்னா ஹார்மோன் மாத்திரை வேலை செய்யும். ஹெர் 2 மூணு பிளஸ்னா அதுக்குன்னே தனி ஊசி இருக்கு. ரெண்டு பிளஸ்னா முடிவு தெரியாதுன்னு அர்த்தம், பிஷ்னு இன்னொரு டெஸ்ட் பண்ணிப் பார்க்கணும் (காசிமேட்டு ஆளுக்கு இந்தப் பேரு மறக்குமா). வேற டாக்டர்கிட்ட கருத்து கேட்கணும்னா ரிப்போர்ட் காப்பி பத்தாது, எடுத்த சதையை மெழுகுல பதிச்சு வெச்ச பிளாக்கும், அதை மைக்ராஸ்கோப்புல பார்த்த கண்ணாடி ஸ்லைடும் வேணும். லேப்ல எழுதிக் கொடுத்தா தருவாங்க. அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் மாதிரி இடத்துக்குப் போறவங்க வெறும் ஜெராக்ஸோட போய் திரும்பி வர்றதை நிறையப் பார்த்திருக்கேன்.

பைலுக்கு வர்றேன். உள்ளே பிளாஸ்டிக் கவர் வெச்ச பைலா வாங்கி, தேதி வரிசையா அடுக்குங்க. ஒவ்வொண்ணுக்கும் மூணு காப்பி. ஒரிஜினலை யார் கேட்டாலும் காட்டிட்டுத் திரும்ப வாங்குங்க. வழவழன்னு சின்னதா ஒரு கருப்பு வெள்ளை ஸ்கேன் படம் தருவாங்க பாருங்க, அதைப் பாசமா லேமினேஷன் பண்ணக் கொண்டு வருவாங்க. நான் பண்ண மாட்டேன். அது சூட்டுல அச்சாகிற பேப்பர், லேமினேஷன் மெஷின்ல விட்டா மொத்தமும் கருப்பாயிடும். போன்ல போட்டோ எடுத்து வெச்சிக்குங்க, அது போதும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ரேஷன் கார்டு, ஆதார், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ளன்னு வருமானச் சான்று வேணும். திட்டத்துல சேர எங்க பக்கத்து ஜனங்களுக்கு ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸ்தான். நோயாளியையும் குடும்பத்தையும் கூட்டிட்டுப் போங்க. பயாப்சி முடிவுக்குக் காத்திருக்கிற வாரத்துலயே இந்த வேலையை முடிச்சிடுங்க.

அம்மாவுக்கு கட்டியைச் சுருக்க முதல்ல கீமோ, பிறகு ஆபரேஷன், ரேடியேஷன், இப்ப மாத்திரை. எல்லாருக்கும் இதே வரிசை வராது. பக்கத்து பெட்ல இருந்தவங்களுக்கு நேரா ஆபரேஷன். முதல் கீமோ மருந்து செக்கச்செவேல்னு இருந்துச்சு. "ரோஸ் மில்க் ஏத்துறாங்கடா"ன்னு சிரிச்சுது. அன்னைக்கு ஒண்ணுக்கும் சிவப்பாத்தான் போச்சு, அது ரத்தமில்ல, மருந்தோட நிறம். மூணு வாரத்துக்கு ஒரு தடவை. இந்த மருந்து இதயத்தைப் பாதிக்கலாம்னு முன்னாடியே எக்கோன்னு இதய ஸ்கேன் எடுத்தாங்க. நடுவுல வெள்ளணு இறங்குற நாட்கள்ல காய்ச்சல்தான் எமன். வீட்டுல தெர்மாமீட்டர் வாங்கி வைங்க. 100.4 டிகிரியைத் தொட்டா, பாராசிட்டமால் போட்டுப் படுக்க வைக்காம அந்த ராத்திரியே எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் விடியட்டும்னு நினைச்சேன், என் பொண்டாட்டிதான் அடம்பிடிச்சு ஆட்டோ கூப்பிட்டுச்சு.

ரேடியேஷனுக்கு உடம்புல கோடு போடுவாங்க. தேய்ச்சுக் குளிச்சு அழிச்சிடாதீங்க. அந்த மெஷின் முடிஞ்சு வெளிய வந்தா உடம்புல கதிர் ஒண்ணும் தங்காது, பேரப்பிள்ளையைத் தாராளமா மடியில வெச்சிக்கலாம். எங்கம்மா பதினஞ்சு நாள் பேரனைப் பக்கத்துல விடல, யாரோ சொன்னாங்களாம்.

முள்சீத்தா இலை கேன்சரைக் குணமாக்கும்னு சொல்ற வீடியோ எங்களுக்கும் வந்துச்சு. மருந்தை நிறுத்திட்டு அதைக் குடிச்ச ஒருத்தர் பைலுக்கும் நான்தான் காப்பி போட்டேன். அதைப் பத்தி வேற எழுத மனசில்ல.

அக்குள்ல நெறி எடுத்த கை வீங்காமப் பார்த்துக்கணும். இடது கையில கூடை தூக்காதே, பி.பி. பார்க்கக் கொடுக்காதே, கெளுத்தி முள்ளு குத்தாமப் பாருன்னு சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். கூடையை விட்டுடுச்சு. ஆனா மீன் ஆயறதை விடல, ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்திருக்கேன். முதல் நாள் போட்டுக்கிட்டுப் போனப்ப ஏலக்காரர், "இன்னா ஆயா, டாக்டராயிட்டியா?"ன்னாராம். இப்ப மூணாவது பைல் ஓடுது. தை மாசம் மேமோகிராம், மார்பு எக்ஸ்ரே.