எட்டு சிஸ்டம், ஒரு வளவு

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் கல்யாணமான மகன்களுக்கு ஆளுக்கு ஓர் அறை உண்டு. அறைக்கதவுகள் வளவு என்னும் நடு முற்றத்தைப் பார்த்துத் திறக்கும். பல்கலைக்கழகத்து சிஸ்டங்களை இணைக்க வரைபடம் கேட்டால் நான் முதலில் வரைவது அந்த வளவைத்தான்.

சேர்க்கை, கட்டணம், தேர்வு, விடுதி, சம்பளம், வருகை, நூலகத்துக்குக் கோஹா என்ற மென்பொருள், பாடங்களுக்கு மூடுல். எட்டையும் ஒன்றோடொன்று நேராக இணைத்தால் 28 இணைப்பு. நடுவில் ஒரு தளம் வைத்தால் எட்டே போதும். அந்தத் தளம் செய்தியை வாங்கிக் கொடுப்பதோடு நிற்க வேண்டும். கட்டணச் சலுகை விதியை அதற்குள் எழுதுவது வளவில் அடுப்பு மூட்டுவது மாதிரி.

மென்பொருள் வாங்குமுன் ஒரு தாள் எடுங்கள். பெயரும் பிறந்த தேதியும் சேர்க்கைப் பிரிவுக்குச் சொந்தம், கட்டிய பணம் கணக்குப் பிரிவுக்கு, மதிப்பெண் தேர்வுப் பிரிவுக்கு. மற்றவர்கள் பார்க்கலாம், திருத்தக்கூடாது. இதில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்க ஒரு மாதம் ஆனாலும் சரி, வாங்கிவிடுங்கள்.

அடுத்தது அடையாளம். நான் சூடுபட்டது இங்கேதான். முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில் விடுதிப் பட்டியலையும் கட்டணப் பட்டியலையும் பெயரை வைத்துப் பொருத்தினோம். பாட்டி பெயரைப் பேத்திக்கு வைக்கிற ஊர் இது. அண்ணன் மகளும் தம்பி மகளும் ஒரே வகுப்பு, இரண்டு பேருமே மெய்யம்மை. ஒருத்தியின் விடுதி பாக்கிக்காக இன்னொருத்தியின் ஹால் டிக்கெட் நின்றுபோனது. "விலாசத்தைக்கூடப் பார்க்கமாட்டீர்களா தம்பி?" என்று அவள் அப்பா கேட்டார். பார்த்தோம்; விலாசம் என்று அவர் சொன்ன குடும்ப இனிஷியலும் ஒன்றுதான். இது போதாதென்று, 'அரு. மெய்யம்மை'யும் 'மெய்யம்மை அருணாசலம்'மும் ஒரே பெண் என்பது கணினிக்குத் தெரியவில்லை.

அதனால் சேரும் நாளிலேயே ஆளுக்கு ஓர் எண் கொடுங்கள். அதில் துறையையோ ஆண்டையோ நுழைக்காதீர்கள். துறை மாறினால் எண் பொய்யாகிவிடும். மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் 12 இலக்க அபார் எண்ணைப் பக்கத்தில் ஒரு கட்டத்தில் வைத்துக்கொள்ளலாம். அதையே அடிப்படையாக்கினால் ஊழியர்களுக்கு என்ன செய்வீர்கள்?

அப்புறம் செய்தி வரிசை. பணம் வந்ததும் கணக்கு சிஸ்டம் 'இந்த எண், இவ்வளவு' என்று வரிசையில் போட்டுவிடும். கரண்ட் போய்த் தேர்வு சர்வர் படுத்தாலும் செய்தி காத்திருக்கும். இப்படி வரிசை வைக்க ரேபிட்எம்க்யூ என்ற மென்பொருள் போதும். அதைவிடப் பெரிய காஃப்காதான் வேண்டும் என்பவரிடம் ராத்திரியில் அதை யார் பார்த்துக்கொள்வார் என்று கேளுங்கள். ஒரே செய்தி இரண்டு தடவை வரத்தான் செய்யும். வங்கிப் பரிவர்த்தனை எண் ஏற்கெனவே பதிவாகியிருந்தால் பேசாமல் விட்டுவிடும்படி எழுதுங்கள். இல்லையென்றால் ஒரே பணத்துக்கு இரண்டு ரசீது போகும்.

லாகின் எல்லாவற்றுக்கும் ஒன்றே. அதற்கு இரண்டு வழிமுறை உண்டு: ஓபன்ஐடி கனெக்ட் அல்லது எஸ்ஏஎம்எல், எது எளிதோ அது.

கடைசியாக, விடியற்காலை நான்கு மணிக்கு வங்கித் தொகையையும் ரசீதுத் தொகையையும் ஒப்பிட ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓடட்டும். ஒரு ரூபாய் இடித்தாலும் கணக்குப் பிரிவு மேலாளரின் போன் அடிக்க வேண்டும். எனக்கு அனுப்பினால் நான் தூங்கிவிடுவேன்.